கல்லாப்பெட்டி ஓரம் ஓடும் மென்பொருளுக்கு எந்த மொழி?

“எந்த லாங்குவேஜ் படிக்கலாம்?” என்று கேட்டால் கிடைக்கிற பதில்கள் பெரும்பாலும் பெங்களூருக்கோ ஓஎம்ஆருக்கோ வேலைக்குப் போகிறவர்களுக்கானவை. எத்தனை லட்சம் பேர் வந்தாலும் தாங்குமா, எந்தக் கம்பெனி எடுத்துக்கொள்ளும், இந்த வருஷம் எதற்கு மவுசு என்பதுதான் பேச்சு. நான் விருதுநகர்க்காரன். பலசரக்குக் கடைகளுக்கும் பருப்பு, மிளகாய் கமிஷன் மண்டிகளுக்கும் பில் போடுகிற மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். அதை ஒரே நேரத்தில் பயன்படுத்துகிறவர்கள் ஒரு கடைக்கு இரண்டு பேர். மாத முதல் வாரத்தில் மூன்று பேர். ஆகவே என் கேள்விகள் வேறு. பைசா சரியாக வருமா? தமிழ் உடையாமல் அச்சாகுமா? அண்ணாச்சி கடையில் இருக்கிற பழைய கம்ப்யூட்டரில், நான் பக்கத்தில் இல்லாதபோதும் ஓடுமா? காசு வாங்கிக்கொண்டு நான் வேலை செய்த மொழிகளையும் கருவிகளையும் இந்த மூன்றை வைத்து மட்டும் எடை போடுகிறேன்.

அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். 4 ஜிபி ராம், சுற்றும் ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 7 அல்லது 10. சிபியு பெட்டியைத் திறந்தால் மிளகாய் வற்றல் தூசி தும்மல் போட வைக்கும். யுபிஎஸ் இருக்கும், அதில் பேட்டரி இருக்குமா என்பது கரண்ட் போனால்தான் தெரியும். இதில் ஓடாத எதுவும் என்னைப் பொறுத்தவரை நல்ல மென்பொருள் இல்லை.

விஷுவல் பேசிக் 6-இல் (சுருக்கமாக விபி6) தொடங்குகிறேன், ஏனென்றால் இன்னும் எங்கள் பக்கத்தில் பாதிக் கடைகளில் ஓடுவது அதில் எழுதியதுதான். 1998-இல் வந்தது. அதை எழுதும் கருவிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. ஆனால் எழுதி முடித்த புரோகிராம் ஓடுவதற்கு வேண்டிய ரன்டைம் மட்டும் விண்டோஸ் இருக்கும்வரை இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். சொன்னபடியே விண்டோஸ் 11-லும் ஓடுகிறது. ஃபார்மில் பட்டனை இழுத்துப் போட்டு, டபுள் கிளிக் செய்து நாலு வரி எழுதி, எஃப்5 தட்டினால் ஓடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி, வரியைத் திருத்தி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அப்புறம் வந்த எந்தக் கருவியிலும் இந்தச் சுகத்தை இதே அளவுக்கு நான் பார்க்கவில்லை. கடைக்காரர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “தம்பி, இந்தக் கட்டத்தைக் கொஞ்சம் அங்கே தள்ளு” என்று சொல்லச் சொல்லத் தள்ளலாம்.

பைசா விஷயத்திலும் முதல் பார்வைக்கு அது கெட்டிக்காரன். ‘கரன்ஸி’ என்று பணத்துக்கென்றே ஒரு வகை வைத்திருந்தார்கள். உள்ளே முழு எண். நாலு தசமத்தோடு காட்டும். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று காட்டுகிற கூத்தெல்லாம் அதில் கிடையாது. ஆனால் ரவுண்ட் ஆஃப் செய்யும் இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. பில் தொகை 112.50 என்று வைத்துக்கொள்ளுங்கள். விபி6-இன் ‘ரவுண்ட்’ அதை 112 ஆக்கும். அதே தொகையைத் திரையில் காட்ட ‘ஃபார்மேட்’ போட்டால் 113 என்று காட்டும். ஒரே மொழி, ஒரே எண், இரண்டு விடை. திரையில் ஒன்று, நாள் கணக்கில் ஒன்று. சாயங்காலம் கல்லாவை எண்ணும்போது சில்லறை உதைக்கும். அண்ணாச்சி சந்தேகப்படுவது என் மென்பொருளை இல்லை, கல்லாவில் உட்கார்ந்திருந்த பையனை.

இதற்குக் காரணம், சரிபாதியில் நிற்கிற எண்ணைப் பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும் முறை. 112.50 கீழே இறங்கி 112 ஆகும், 113.50 மேலே ஏறி 114 ஆகும். ஏராளமான எண்களைக் கூட்டும்போது ஏற்றமும் இறக்கமும் ஒன்றுக்கொன்று கழிந்துபோகட்டும் என்பது கணக்கு. நியாயமான யோசனைதான், ஆனால் பலசரக்குக் கடைக்கு ஆகாது. மத்திய ஜிஎஸ்டிக்கான சிஜிஎஸ்டி சட்டத்தின் 170ஆம் பிரிவு வரித் தொகையை ரூபாயாக்கும்போது 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் அடுத்த ரூபாய் என்று நேராகச் சொல்லிவிடுகிறது. ஆடிட்டரும் அப்படித்தான் போடுவார், அண்ணாச்சியும் அப்படித்தான் போடுவார். இந்த இரட்டைப்படை வேலையை விபி6 மட்டும் செய்வதில்லை. பைத்தானின் ‘ரவுண்ட்’, சி ஷார்ப்பின் ‘மேத் ரவுண்ட்’, டெல்ஃபி, லாசரஸ் எல்லாமே சொல்லாமல் விட்டால் 112 என்றுதான் தரும். ஜாவாஸ்கிரிப்டும் கோ என்ற மொழியும் 113 தரும். புது மொழியில் கை வைத்தால் நான் முதலில் எழுதிப் பார்ப்பது ‘ஹலோ வேர்ல்ட்’ இல்லை, இந்த 112.50-தான்.

விபி6 எனக்கு ஆகாமல் போனது தமிழால். ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலைக்குப் பிறகு பில்லில் எல்லாம் ஆங்கிலமாகி, வாடிக்கையாளர்கள் “இதில் என்ன எழுதியிருக்கு?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். சரக்குப் பெயர் தமிழில் வேண்டும் என்று கடைக்காரர்கள் கேட்டார்கள். விபி6 உள்ளுக்குள், எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் யுனிகோடில்தான் எழுத்தை வைத்திருக்கும். ஆனால் திரையில் இருக்கிற டெக்ஸ்ட் பாக்ஸ், லேபிள் எல்லாம் ஆன்சி என்ற பழைய குறியீட்டு முறையின் காலத்தவை. விண்டோஸில் தமிழுக்கு ஆன்சி குறியீட்டுப் பக்கமே கிடையாது. ஆகவே கன்ட்ரோல் பேனலில் எந்த செட்டிங்கை மாற்றினாலும் ‘கொத்தமல்லி’ வரிசையாகக் கேள்விக்குறிதான். அதனால்தான் அந்தக் காலத்தில் எல்லோரும் பாமினி மாதிரி எழுத்துருவுக்குப் போனார்கள். ‘கொ’ வேண்டுமென்றால் ஆங்கில என், எஃப், ஹெச் மூன்றையும் வரிசையாக வைத்துக்கொண்டு, எழுத்துருவை மட்டும் மாற்றி ஏமாற்றுவது. திரையில் அழகாக இருக்கும். அந்தத் தரவை வாட்ஸப்பில் அனுப்பினால் கதை கந்தல்.

டெல்ஃபியைப் பற்றி மரியாதையோடு ஒரு வார்த்தை. 1995-இல் வந்தது. அதை வடிவமைத்த ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க்தான் பிறகு மைக்ரோசாஃப்டுக்குப் போய் சி ஷார்ப்பைச் செய்தவர். இரண்டிலும் வேலை செய்தால் ஒரே கைப்பக்குவம் தெரியும். ஒரே எக்ஸ்இ ஃபைல், கூடவே டிஎல்எல் என்ற துணை ஃபைல் மூட்டை எதுவும் வேண்டாம், பழைய மெஷினிலும் பறக்கும். விலைதான் இடிக்கிறது. ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, ஒரு கடைக்குச் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கிற எனக்குக் கட்டுப்படியாகாது. இலவச கம்யூனிட்டி பதிப்பு இருக்கிறது. வருமானம் ஆண்டுக்கு 5,000 டாலரைத் தாண்டக்கூடாது என்று வரம்பு. தொழில் கொஞ்சம் ஓடினாலே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவோம்.

அதன் இலவசத் தம்பிதான் லாசரஸ். எழுதியதை எக்ஸ்இ ஆக்கும் ஃப்ரீ பாஸ்கல் என்ற கம்பைலரின் மேல் உட்கார்ந்திருக்கிறது, வரம்பு எதுவும் கிடையாது. கரன்ஸி வகை உண்டு. விண்டோஸ் 7-லும் ஓடும். தமிழ் திரையில் சுத்தமாக வரும். ஆனால் எழுத்தை அது யூடிஎஃப்-8 முறையில் வைத்திருக்கிறது. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ‘கொத்தமல்லி’யின் நீளம் கேட்டால் 30 என்கிறது. சரக்குப் பெயரை 20-க்குள் வெட்டு என்று ஆங்கிலப் பழக்கத்தில் எழுதினால், ஆறு குறியீடு போக மீதி இரண்டு பைட் தொங்கும். பில்லின் நடுவில் ஒரு கறுப்புச் சதுரம் வந்து உட்காரும். இதற்கென்று தனி ஃபங்ஷன்கள் இருக்கின்றன, தேடிப் போட்டால் சரியாகிவிடும். எனக்குப் பெரிய குறை, சந்தேகம் வந்தால் கேட்க ஆள் குறைவு. தேடினால் கிடைக்கிற பதில் ஜெர்மன் அல்லது ரஷ்ய மொழியில் இருக்கும், அதுவும் பழையதாக இருக்கும்.

நீளக் கதையை இங்கேயே முடித்துவிடலாம். கொத்தமல்லியில் எத்தனை எழுத்து என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் ஆறு என்று சொல்லும். பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் சி ஷார்ப்பும் 10 என்கின்றன. கொம்பையும் காலையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிற கணக்கு அது. கோவும் ரஸ்டும் பைட் எண்ணி 30 என்கின்றன. பிள்ளை சொன்ன ஆறைக் கேட்டவுடன் சொல்வது ஸ்விஃப்ட், எலிக்ஸர் மாதிரி சில மொழிகள்தான். ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பலசரக்குக் கடையை நான் இன்னும் பார்க்கவில்லை, ஆகவே ஸ்விஃப்ட்டுக்குத் தூரத்திலிருந்தே ஒரு கும்பிடு.

பைத்தான். படிப்பதற்கு இதைவிட நல்ல மொழி இல்லை, யார் கேட்டாலும் இதில் ஆரம்பி என்றுதான் சொல்வேன். பழைய பாமினி தரவை யுனிகோடுக்கு மாற்றும் வேலை முழுவதையும் இதில்தான் செய்கிறேன். ‘ஓப்பன் தமிழ்’ என்ற நூலகம், அதாவது முன்பே எழுதி வைத்த கோட் தொகுப்பு, இருக்கிறது. எழுத்துகளைப் பிரித்துக் கொடுத்தால் கொத்தமல்லியை ஆறாகவே பிரிக்கும்; பாமினியை மாற்றும் பகுதியும் அதற்குள்ளேயே உண்டு. பணத்துக்கு ‘டெசிமல்’ இருக்கிறது, பாதி வந்தால் மேலே போ என்று சொல்லும் வசதியும் அதில் இருக்கிறது. சாதாரண தசம எண்ணை வைத்துக்கொண்டு 2.675-ஐ இரண்டு தசமத்துக்குச் சுருக்கச் சொன்னால் 2.67 தரும், கம்ப்யூட்டருக்குள் அந்த எண் 2.675-க்கு ஒரு மயிரிழை குறைவாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. டெசிமலைத் தொடாமல் பைத்தானில் பில் போடக்கூடாது.

ஆனால் கடையில் கொண்டுபோய் வைக்கப் பைத்தான் தோதுப்படவில்லை. பைத்தானை நிறுவாத மெஷினில் ஓட வேண்டுமானால் பைஇன்ஸ்டாலர் மாதிரி ஒன்றை வைத்து எக்ஸ்இ ஆக்க வேண்டும். ஒரே ஃபைலாகக் கட்டினால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே இருப்பதையெல்லாம் தற்காலிக ஃபோல்டரில் கொட்டிவிட்டுத்தான் எழுந்து வரும். சுற்றும் டிஸ்கில் அதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். அப்படிக் கட்டிய எக்ஸ்இ-க்களை ஆன்டிவைரஸ் மென்பொருள்கள் வைரஸ் என்று தவறாகப் பிடிப்பதும் பரவலாகத் தெரிந்த தொல்லை. காலை எட்டு மணிக்குக் கடை திறக்கும்போது, “தம்பி, நம்ம ஐகானையே காணோமே” என்று போன் வந்தால் பாதி அதுதான். விண்டோஸ் 7-க்குக் கடைசியாக வந்தது பைத்தான் 3.8, அதற்கான ஆதரவு 2024 அக்டோபரோடு முடிந்தது. திரை செய்ய பைக்யூட்டி எடுத்தால் உரிமத்தைப் படித்துவிட்டு எடுங்கள். உங்கள் கோடையும் திறந்து வைக்கச் சொல்லும் ஜிபிஎல், அல்லது காசு. அதே வேலைக்கான பைசைட் அந்த விஷயத்தில் தாராளம்.

அச்சுதான் பைத்தானில் நான் அதிகம் மல்லுக்கட்டிய இடம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கடைகளில் இருப்பது மூன்று அங்குல தெர்மல் பிரிண்டர். ஆங்கிலத்துக்கு எழுத்தை அப்படியே அனுப்பினால் போதும், பிரிண்டருக்குள்ளேயே எழுத்துரு இருக்கிறது. இங்கே விற்கிற சாதாரண பிரிண்டர்களில் தமிழ் இருப்பதில்லை. ஆகவே பில்லை முழுக்கப் படமாக வரைந்து, படமாகவே அனுப்ப வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி, அச்சாகும் அகலம் 72 மில்லிமீட்டர், மொத்தம் 576 புள்ளி. ஒரு வரிக்கு 72 பைட். இதைப் பைத்தானில் பில்லோ என்ற நூலகத்தை வைத்து வரைவார்கள். அதன் சாதாரண முறை எழுத்தை ஒவ்வொன்றாக அடுத்தடுத்து வைக்கும், அவ்வளவுதான். ‘கொத்தமல்லி’யில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. ராக்ம் என்ற இன்னொரு நூலகம் கூட இருந்தால்தான் கொம்பு தன் இடத்துக்கு வரும். உங்கள் மெஷினில் அது இருந்து, கடை மெஷினுக்குப் போன மூட்டையில் விடுபட்டால் எர்ரர் எதுவும் வராது. பில் மட்டும் யாராலும் படிக்க முடியாத தமிழில் அழகாக அச்சாகி வரும்.

வலைப்பக்கத்தை டெஸ்க்டாப் மென்பொருளாக்கும் எலக்ட்ரானுக்கு ஒரே பத்தி போதும். வலைப்பக்கம் எழுதத் தெரிந்த பையன்கள் எல்லோரும் இதற்குத்தான் ஓடுகிறார்கள். குரோம் உள்ளே இருப்பதால் தமிழ் அச்சு அசலாக வரும், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு பில் திரைக்காக ஒவ்வொரு கடையிலும் முழு பிரவுசரையே இறக்கி வைப்பது நூறு எம்பியைத் தாண்டும். 4 ஜிபி மெஷினில் டேலியும் சேர்ந்து திறந்திருந்தால் மவுஸ் நகர யோசிக்கும். விண்டோஸ் 7-க்கு எலக்ட்ரான் 22-தான் கடைசி. பணத்துக்கென்று ஜாவாஸ்கிரிப்டில் தனி வகை கிடையாது. 1.005-ஐ 100-ஆல் பெருக்கினால் 100.49999999999999 வரும், அதை ரவுண்ட் செய்து திரும்ப வகுத்தால் ஒரு ரூபாய்தான். முழுக்கப் பைசாவாகவே வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம். இந்தப் பையன்களில் யாரும் அப்படி வைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

சி ஷார்ப்தான் என் சோற்றுக்கு வழி. அது ஓடுவதற்கான அடித்தளமாகப் புதிய டாட்நெட் இல்லை, பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.8, அதில் திரை செய்ய வின்ஃபார்ம்ஸ். படித்த பிள்ளைகள் கேட்டால் சிரிப்பார்கள். 2019 மே மாதப் புதுப்பிப்பிலிருந்து விண்டோஸ் 10 கூடவே அது வந்துவிடுகிறது. விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1-லும் நிறுவலாம். ஆகவே நான் கொண்டுபோவது ஒரு எம்பிகூட வராத எக்ஸ்இ. வாட்ஸப்பில் அனுப்பினால் கடைப் பையனே பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துவிடுவான். புதிய டாட்நெட்டில், எதையும் தனியாக நிறுவத் தேவையில்லாதபடி மூட்டை கட்டினால் நூறு எம்பிக்கு மேல் போகிறது. அதற்கு எலக்ட்ரானையே கட்டிக்கொண்டு அழலாம்.

பைசாவுக்கு ‘டெசிமல்’ மொழிக்குள்ளேயே இருக்கிறது. எண்ணுக்குப் பின்னால் ஓர் எம் போட்டால் போதும். 412.50 ரூபாய்ச் சரக்கில் 275 கிராம் என்றால் 113.4375 என்று ஒரு துளி சிந்தாமல் வைத்திருக்கும், 113.44 என்று முடிக்கலாம். 112.50 பொறிக்கு, பாதி வந்தால் பூஜ்யத்திலிருந்து விலகிப் போ என்று ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். அதை ஒரே இடத்தில் ஒரு ஃபங்ஷனாக எழுதி வைத்துவிட்டு, வேறெங்கும் நேராக ரவுண்ட் போடக்கூடாது என்பது என்னிடம் வேலைக்கு வரும் பையன்களுக்கு நான் சொல்லும் முதல் விதி. கோட் எழுதித் தரும் ஏஐ கருவிகளைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள், சரி. ஆனால் அந்தக் கருவிகள் எழுதும் பில் கணக்கில் இந்த ஒரு வார்த்தை இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கச் சொல்வேன்.

தமிழிலும் சி ஷார்ப் தேறியது. அச்சுக்கான படத்தை வரைவதில் விண்டோஸே கொம்பையும் காலையும் பார்த்துக்கொள்கிறது, கூட எந்த மூட்டையும் வேண்டாம். எழுத்தின் ஓரத்தை மழுங்கடிக்காமல் கறுப்பு வெள்ளையாகவே வரையச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தெர்மல் காகிதத்தில் ‘ழ’வும் ‘ள’வும் ஒன்றாகத் தெரியும். எழுத்துரு விண்டோஸ் 7-இல் லதா, அதற்கு மேலே நிர்மலா. லதா அகலமாக நிற்பதால் ‘உளுத்தம்பருப்பு உருட்டு முதல் ரகம்’ இரண்டு வரிக்குப் போய்விடும்.

தேடலில் இன்னொரு சங்கதி. ‘கொ’வை யுனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடாக, அல்லது கொம்பு தனி, கால் தனி. கண்ணுக்கு ஒன்றேதான். கம்ப்யூட்டருக்கு இரண்டு வெவ்வேறு சரக்கு. ஒரு கீபோர்டில் உள்ளிட்ட கொத்தமல்லியை இன்னொரு கீபோர்டில் தேடினால் “இல்லை” என்று சொல்லும். கடைப் பையன் புதிதாக இன்னொரு கொத்தமல்லியைச் சேர்த்து வைப்பான். ஸ்டாக் இரண்டாகப் பிரியும். சி ஷார்ப்பில் ‘நார்மலைஸ்’ என்று ஒரே வார்த்தை, இரண்டும் ஒன்றாகிவிடும். பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் இதே வசதி உண்டு. அகரவரிசை என்று பார்த்தால், யுனிகோடு எண் வரிசையில் புளி முன்னால், புழுங்கலரிசி பின்னால் வரும், ஏனென்றால் அங்கே ளகரத்துக்கு அடுத்துத்தான் ழகரம். தமிழ் வரிசையில் அது தலைகீழ். இதை எந்தக் கடைக்காரரும் இதுவரை கேட்டதில்லை. அவர்கள் சரக்கு நம்பரைத்தான் தட்டுகிறார்கள். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் விலைப்பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

தரவை வைக்க எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளம். இந்தக் கட்டுரையில் குறையே சொல்லாமல் பாராட்டப்போவது இதை மட்டும்தான். ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-இல் வெளியிட்டது. காப்புரிமை எதுவும் இல்லாமல் பொதுச்சொத்தாக விட்டுவிட்டார். 2050 வரை ஆதரவு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குள் என் பேரனே வேறு தொழிலுக்குப் போயிருப்பான். மொத்தக் கடையும் ஒரே ஃபைல். பென் டிரைவில் நகல் எடுத்து அண்ணாச்சி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். பில் பாதி எழுதும்போது கரண்ட் போனால், மறுபடி திறக்கையில் அந்தப் பாதிப் பில்லை அதுவே அழித்துவிட்டு முந்தைய நிலைக்கு வந்து நிற்கும். பழைய மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் தரவு ஃபைலுக்கு 2 ஜிபி உச்சவரம்பு, எஸ்க்யூலைட்டில் அந்தக் கவலையும் இல்லை. ஒன்றே ஒன்று: நெட்வொர்க் ஃபோல்டரில் அந்த ஃபைலை வைத்து இரண்டு கம்ப்யூட்டரிலிருந்து நேராகத் தொடாதீர்கள். செய்தவர்களே கூடாது என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இரண்டு கவுன்டர் உள்ள கடைக்கு அங்கேதான் கோ மொழி வருகிறது. ஒரு மெஷினில் கோவில் எழுதிய சின்ன சர்வர் அந்த ஃபைலைக் கையில் வைத்துக்கொள்ளும். கவுன்டர்கள் அதனிடம் கேட்டு வாங்கும். (‘கோவில் எழுதிய’ என்று எழுதும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது. அதனால் என் பையன்கள் ‘கோலாங்’ என்றுதான் சொல்கிறார்கள்.) கம்பைல் நொடியில் முடியும், ஒரே எக்ஸ்இ, நினைவகம் கொஞ்சம்தான் தின்னும், மாசக்கணக்கில் தொடாமல் ஓடும். விண்டோஸில் உட்கார்ந்தே லினக்ஸ் சர்வருக்கான ஃபைலை எடுத்துவிடலாம், இரண்டு செட்டிங்கை மாற்றினால் போதும். பணத்துக்கு டெசிமல் கிடையாது. பைசாவையும் கிராமையும் முழு எண்ணாக வைத்துக்கொள்கிறேன், பழகிவிட்டது. விண்டோஸ் 7-க்கு கோ 1.20-தான் கடைசி என்பதால் அந்தக் கடைகளுக்கென்று பழைய பதிப்பைத் தனியாக வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

முதலாளி ஊரில் இல்லாதபோது மொபைலில் விற்பனை பார்க்கும் ஆப் எழுதுவது ஃப்ளட்டர் என்ற கருவியில். ஒரு குறையும் இல்லை, பெரிதாகச் சொல்லவும் ஒன்றும் இல்லை. ஆனால் அதை எழுதும் மெஷினில் ஆண்ட்ராய்டு போனைப் போல நடிக்கும் எமுலேட்டரைத் திறக்கப்போகிறீர்கள் என்றால் 16 ஜிபி ராம் போட்டுவிடுங்கள். 8-இல் ஓட்டலாம் என்று சொல்கிறவர்கள் ஓட்டிப் பார்க்காதவர்கள். ரஸ்ட் படித்துப் பார்த்தேன். நல்ல மொழி, கண்டிப்பான வாத்தியார். எனக்கு இருக்கிற வேலைக்கு அத்தனை கண்டிப்பு தேவைப்படவில்லை.

எழுதும் கருவியில் விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டி பதிப்பைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். தனி ஆள் காசுக்கு விற்கும் மென்பொருளையும் அதில் எழுதலாம், உரிமம் இடிக்காது. நிறுவும்போது கண்ணில் படுவதையெல்லாம் டிக் செய்யாதீர்கள். டெஸ்க்டாப் என்ற ஒன்றை மட்டும் எடுத்தால் டிஸ்க் பிழைக்கும். விஷுவல் ஸ்டுடியோ கோட் என்பது பெயரில் மட்டும்தான் உறவு. கோ, பைத்தான், ஃப்ளட்டருக்கு அது அருமை. வின்ஃபார்ம்ஸில் பட்டனை இழுத்துப் போட அதில் வழி இல்லை. அதுவும் எலக்ட்ரானில் செய்ததுதான், நான் மேலே எழுதியதைப் படித்தால் கோபித்துக்கொள்ளும்.

சி ஷார்ப்புக்கு இவ்வளவு மார்க் போட்ட பிறகு ஓர் இடத்தில் கை நிற்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருந்தால் ஒத்துக்கொள்ளாது. எங்கள் கடைகளில் இருப்பவை மூன்றாம் தலைமுறை, நான்காம் தலைமுறை. புது மெஷின் வாங்கச் சொன்னால், “ஓடுகிற மாட்டை ஏன் தம்பி விற்கணும்?” என்கிறார் தெப்பக்குளம் பக்கம் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. அதே மெஷினில் லினக்ஸ் போட்டால் இன்னும் பல வருஷம் ஓடும். ஆனால் மைக்ரோசாஃப்டின் வின்ஃபார்ம்ஸ் லினக்ஸுக்கு வராது. அவலோனியா என்று டாட்நெட்டுக்கான வேறு திரைக்கருவி இருக்கிறது, லினக்ஸிலும் ஓடும். ஆனால் என் ஃபார்ம்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும். லாசரஸில் எழுதியிருந்தால் அதே ஃபார்மை அப்படியே லினக்ஸுக்கும் கம்பைல் செய்திருக்கலாம். அதனால் பில் திரையை மட்டும் லாசரஸில் எழுதி, மண்டித் தெருவில் ஒரு சின்னக் கடையில் லினக்ஸ் மெஷினில் வைத்திருக்கிறேன். 112.50-ஐ 113 ஆக்கியாயிற்று, கொத்தமல்லியும் கொம்போடு வருகிறது. பிரிண்டர் மட்டும் பில் முடிந்த பிறகு காகிதத்தைக் கொஞ்சம் அதிகமாகத் தள்ளுகிறது; ரோல் சீக்கிரம் தீர்கிறது என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார், இந்த வாரம் போய்ப் பார்க்க வேண்டும்.